எது என்பதற்கு முன்னால் எங்கே என்று கேளுங்கள்

ரெட்டியார்சத்திரத்தில் கறவை மாடு வைத்திருப்பவர்கள் கோபிநாத சுவாமி மலைக்குப் பால் கொண்டுபோவது நெடுநாள் வழக்கம். எங்கள் தெருவிலும் விடிந்தால் பால் பேச்சுதான். போன தை மாதம் ஒரு காலையில் பக்கத்து வீட்டு அம்மா ஒரு கிண்ணத்தோடு வந்தார். "வாத்தியாரய்யா, பின்காம்பு ஒண்ணுல வர்ற பால் மட்டும் உப்புக் கரிக்குது. மத்த மூணும் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

அப்போது என் திண்ணையில் ஒரு மாணவி உட்கார்ந்திருந்தாள். முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் கிடைத்து, அடுத்த வாரம் ஊரைவிட்டுக் கிளம்ப இருந்தவள். எபிதீலியச் செல்களின் துருவத்தன்மை அவளுடைய தலைப்பு. "சார், எங்க இருந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியல" என்று கேட்டு வந்திருந்தாள். கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தி, "இங்க இருந்து ஆரம்பிம்மா" என்றேன்.

மடிக்குள் பால் சுரக்கும் எபிதீலியச் செல்கள் ஒரே வரிசையாகத் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. அவற்றுக்கு ஒரு பக்கம் ரத்தம், மறுபக்கம் பால். ரத்தத்தில் சோடியமும் குளோரைடும் மிகுதி; பாலில் குறைவு. பாலில் லாக்டோஸ் மிகுதி. ரத்தத்தில் அது இல்லை என்றே சொல்லலாம். இந்த இரண்டு உலகங்களையும் பிரித்துவைப்பது அந்த ஒற்றை வரிசைச் செல்கள்தான். மடிநோய் வந்தால் செல்களுக்கு இடையில் உள்ள பிணைப்பு தளர்கிறது. உப்பு பாலுக்குள் கசிகிறது, லாக்டோஸ் ரத்தத்துக்குள் கசிகிறது. பாலின் மின்கடத்தும் திறனை அளந்து மடிநோயைக் கண்டுபிடிக்கும் கருவிகள் இந்தக் கசிவை நம்பித்தான் இயங்குகின்றன. அந்த அம்மாவின் நாக்கு கருவிக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டது. மாட்டைக் கால்நடை மருத்துவரிடம் காட்டச் சொல்லி அனுப்பிவிட்டு, அந்தப் பெண்ணோடு மதியம் வரை பேசினேன். பேசியவற்றை இந்தத் துறைக்குப் புதிதாக வரும் எல்லாப் பிள்ளைகளுக்குமாக இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

1. எது என்பதற்கு முன்னால் எங்கே என்று கேளுங்கள்

ஒரு புரதத்தின் பெயரைக் கேட்டதும் அதன் வேலை என்ன என்று மனப்பாடம் செய்ய நம் பாடமுறை பழக்கிவிட்டது. எபிதீலியச் செல்லில் அந்தக் கேள்வி பாதி தூரம்தான் கொண்டுபோகும். இந்தச் செல்லுக்கு இரண்டு முகங்கள் உண்டு. குழாயின் உள்வெளியைப் பார்த்து நிற்பது உச்சிமுகம். நூல்கள் இதை ஏபிகல் என்கின்றன. அண்டைச் செல்லையும் அடியில் உள்ள திசுவையும் தொட்டு நிற்பது அடிமுகம், நூல்களில் பேசோலேட்டரல். இரண்டு முகங்களிலும் இருக்கும் புரதங்கள் வேறு, கொழுப்புகளின் விகிதமும் வேறு. துருவத்தன்மை என்பது இதுதான்.

சோடியம்-பொட்டாசியம் பம்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1957-இல் ஜென்ஸ் ஸ்கோ கண்டறிந்து, 1997-இல் நோபல் பரிசு பெற்றது இதற்காகத்தான். ஒரு சுற்றில் 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும். சிறுகுடலிலும் சிறுநீரகக் குழாயிலும் இது அடிமுகத்தில் நிற்கிறது. மூளையைச் சுற்றியுள்ள நீரைச் சுரக்கும் கோராய்டு பின்னலில் இதே பம்ப் உச்சிமுகத்தில் நிற்கிறது. கருவி ஒன்றுதான். குடல் நீரை உள்ளே இழுக்கிறது, கோராய்டு பின்னல் நீரை வெளியே சுரக்கிறது. இந்த வித்தியாசத்தைப் பம்ப்பின் பெயர் சொல்லாது; அது நிற்கும் இடம் சொல்லும்.

2. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள்

மருந்துக்கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் அந்தப் பொட்டலத்தின் பின்புறம் உங்கள் பாடத்தின் முதல் அத்தியாயம் அச்சாகியிருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம். உப்புக் கரைசலில் சர்க்கரை எதற்கு? தெம்புக்கு என்று பலர் நினைக்கிறார்கள். சர்க்கரை அங்கே உப்பை உள்ளே அழைத்துப்போகும் துணை.

சிறுகுடல் செல்லின் உச்சிமுகத்தில் எஸ்.ஜி.எல்.டி.1 என்ற கடத்தி நிற்கிறது. ஒரு குளுக்கோஸோடு 2 சோடியம் சேர்ந்தால்தான் அது உள்ளே விடும். சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்தே உள்ளே போகின்றன என்பது 1960-இல் பிராக் நகரில் ராபர்ட் கிரேன் முன்வைத்த கருத்து. உள்ளே வந்த சோடியத்தை அடிமுகத்தில் நிற்கும் பம்ப் ரத்தப் பக்கமாகத் தள்ளுகிறது. குளுக்கோஸ் அடிமுகத்திலேயே உள்ள வேறொரு கடத்தி வழியாக இறங்குகிறது. உப்பும் சர்க்கரையும் போன பாதையில் தண்ணீர் பின்தொடர்கிறது. கடத்தி மேலே, பம்ப் கீழே என்ற ஏற்பாடு கலைந்தால் இந்தக் கரைசலால் ஒரு பயனும் இல்லை.

காலராவின் நச்சைக் கண்டுபிடித்து 1959-இல் வெளியிட்டவர் கொல்கத்தாவின் சம்புநாத் டே. அந்த நச்சு உச்சிமுகத்தில் உள்ள குளோரைடு வாசலைத் திறந்தபடியே வைத்துவிடுகிறது. உடம்பின் நீர் குடலுக்குள் கொட்டுகிறது. ஆனால் எஸ்.ஜி.எல்.டி.1-ஐ அது தொடுவதில்லை. அந்த ஒரு வாசல் திறந்திருப்பதை நம்பித்தான் 1971-இல் பங்களாதேஷ் அகதிகள் வந்து குவிந்த பன்காவ் முகாமில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பு-சர்க்கரைக் கரைசலை டிரம்களில் கலந்து, நோயாளிகளின் உறவினர்கள் கையிலேயே கொடுத்தார். 30 சதவீதம் அளவுக்கு இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

நம் வேலூர் சி.எம்.சி.யில் பி.எஸ்.ராமகிருஷ்ணாவும் உடன் பணியாற்றியவர்களும் 2000-இல் இன்னொரு படி ஏறினார்கள். சிறுகுடலில் செரிக்காத ஒரு வகை ஸ்டார்ச்சைக் கரைசலில் சேர்த்தார்கள். அது பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாக்களால் சிறு கொழுப்பு அமிலங்களாக மாறி, பெருங்குடல் செல்களையும் சோடியம் உறிஞ்ச வைத்தது. காலரா நோயாளிகளின் வயிற்றுப்போக்கு குறைந்தது. செல்லின் முகங்களைப் புரிந்துகொண்டவர்கள் செய்த மருத்துவம் இது.

3. செல்லுக்குத் திசை எப்படிப் பிறக்கிறது என்பதை வரிசையாகப் படியுங்கள்

எடுத்த எடுப்பில் மூலக்கூறுகளின் பெயர்ப் பட்டியலில் இறங்கினால் மூச்சுத் திணறும். செல்லின் நிலையில் இருந்து யோசியுங்கள். தனியாக மிதக்கும் செல்லுக்கு மேல் கீழ் தெரியாது. முதலில் அது தரையைத் தொடுகிறது. லாமினின், கொலாஜன் கொண்ட அடித்தளப் படலத்தை இன்டக்ரின்கள் பற்றுகின்றன. "இந்தப் பக்கம் கீழே" என்பது அங்கே முடிவாகிறது. அடுத்து அண்டைச் செல்லைத் தொடுகிறது. ஒரு செல்லின் ஈ-கேடரின் அடுத்த செல்லின் ஈ-கேடரினைப் பிடிக்கிறது. இந்தப் பிடிக்குக் கால்சியம் வேண்டும் என்பதையும் கேடரின் என்ற பெயரையும் தந்தவர் ஜப்பானின் மசடோஷி டகெய்ச்சி. தரையும் அண்டையும் தொடாமல் எஞ்சிய பரப்பு உச்சிமுகம் ஆகிறது.

திசை பிறந்தபின் அதைக் காப்பது ஒரு வரப்புத் தகராறு போல நடக்கிறது. மேலே பார்-3, பார்-6, ஏபிகேசி என்ற கூட்டமும் கிரம்ப்ஸ் என்ற கூட்டமும். பக்கத்தில் ஸ்கிரிபில், எல்ஜிஎல், பார்-1. ஏபிகேசி, எல்ஜிஎல் மீது பாஸ்பேட்டை ஏற்றி அதை மேலே நிற்க விடாமல் விரட்டுகிறது. பார்-1, பார்-3 மீது பாஸ்பேட்டை ஏற்றிப் பக்கத்தில் நிற்க விடாமல் விரட்டுகிறது. இரண்டு பங்காளிகளும் தள்ளித் தள்ளி ஓர் இடத்தில் வரப்பு நிலைத்துவிடுகிறது. தள்ளுவதை ஒருவர் நிறுத்தினால் மற்றவர் வயல் முழுவதையும் எடுத்துக்கொள்வார். பார் மரபணுக்களை 1988-இல் கென் கெம்ஃபியூஸ் கண்டெடுத்தது எபிதீலியத்தில் அல்ல. ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவின் முதல் செல் பிரிவில். ஆகவே உங்கள் தலைப்புக்கு வெளியேயும் படியுங்கள்.

4. சந்தியை மதியுங்கள், ஆனால் பாடநூல் வாக்கியத்தைச் சோதித்துப் பாருங்கள்

உச்சிமுகமும் அடிமுகமும் சந்திக்கும் எல்லையில் செல்லைச் சுற்றிக் கச்சைபோல ஓடுவது இறுக்கச் சந்தி. மர்லின் ஃபார்குவரும் ஜார்ஜ் பலாடேயும் 1963-இல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் இதன் அமைப்பைத் தெளிவாக வரைந்து காட்டினார்கள். அதன் முதுகெலும்பான கிளாடின் புரதங்களை 1998-இல் ஷோய்ச்சிரோ சுகிதாவின் குழு கண்டுபிடித்தது. பக்கத்து வீட்டு மாட்டின் பாலை உப்பாக்கியது இந்தச் சந்தியின் தளர்வுதான்.

சந்திக்கு இரண்டு வேலைகள் என்று நூல்கள் சொல்கின்றன. செல்களின் இடுக்கில் எது போகலாம் என்று பார்க்கும் வாசல் ஒன்று. உச்சிமுகப் புரதமும் அடிமுகப் புரதமும் கலந்துவிடாமல் தடுக்கும் வேலி மற்றொன்று. வாசல் வேலையில் சந்தேகம் இல்லை. வேலி வேலையை நான் பல ஆண்டுகள் அப்படியே பாடம் நடத்தினேன். பிறகு இறுக்கச் சந்தியின் புரதங்களை நீக்கிய செல்களில் கசிவு ஏற்பட்டும் இரண்டு முகங்களும் பெருமளவு கலக்காமல் நின்றதாகச் சோதனைகள் வந்தன. வேலி மட்டுமே முகங்களைக் காக்கவில்லை. இடைவிடாமல் நடக்கும் பிரித்தனுப்பும் வேலையும் காக்கிறது என்று என் பாடத்தைத் திருத்திக்கொண்டேன். நீங்களும் திருத்திக்கொள்ளத் தயாராக இருங்கள்.

5. ஒட்டன்சத்திரம் சந்தையில் ஒருநாள் நின்று பாருங்கள்

நம் ஊரில் இருந்து பழனி சாலையில் பஸ் ஏறினால் ஒட்டன்சத்திரம். கேரளாவுக்குக் காய் அனுப்பும் பெரிய சந்தை. முருங்கையும் தக்காளியும் மிளகாயும் பல ஊர்களில் இருந்து ஒரே இடத்துக்கு வருகின்றன. அங்கே மூட்டை மேல் எழுதிய குறியைப் பார்த்து எந்த லாரி என்று முடிவாகிறது. செல்லிலும் இப்படி ஓர் இடம் உண்டு. புதிதாகச் செய்த சவ்வுப் புரதங்கள் கோல்கி உறுப்பின் கடைசி அடுக்குக்கு வந்து, அங்கே பிரிந்து, வெவ்வேறு சிறுபைகளில் ஏறுகின்றன.

அடிமுகத்துக்குப் போகும் புரதங்கள் பலவற்றில் முகவரி, செல்லின் உட்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் வாலில் இருக்கிறது. டைரோசினை மையமாகக் கொண்ட ஒரு சிறு தொடர், அல்லது அடுத்தடுத்த இரண்டு லூசின்கள். ஏபி-1பி என்ற இணைப்புப் புரதம் இதைப் படித்து, கிளாத்ரின் போர்த்திய பையில் ஏற்றுகிறது. உச்சிமுகத்தின் முகவரி வேறு விதம். வெளிப்பக்கம் ஒட்டிய சர்க்கரைக் கிளைகள் சிலவற்றுக்கு; ஜிபிஐ என்ற கொழுப்பு நங்கூரம் சிலவற்றுக்கு. கொலஸ்டிராலும் ஸ்பிங்கோலிப்பிடும் சேர்ந்து மிதக்கும் சிறு தெப்பங்களில் இவை ஏறுகின்றன என்ற கருத்தை கை சைமன்ஸும் எலினா இகோனனும் 1997-இல் விரித்து எழுதினார்கள். ஜிபிஐ புரதங்கள் சவ்வில் மிகச் சிறிய கொத்துகளாக நிற்கின்றன என்று காட்டியதில் பெங்களூர் என்.சி.பி.எஸ். நிறுவனத்தின் சத்யஜித் மேயர் குழுவுக்கு உலகம் மதிக்கும் இடம் உண்டு. பஸ்ஸில் ஓர் இரவு தூரத்தில் இந்த ஆராய்ச்சி நடக்கிறது என்பதை மறக்காதீர்கள்.

சந்தை உவமையை ஓர் எல்லைக்கு மேல் இழுக்க வேண்டாம். சந்தையில் குறி எழுதுபவர் ஒருவர் இருக்கிறார். செல்லில் மூட்டையே தன் முகவரியாக இருக்கிறது. வாலில் ஒரு டைரோசினை மாற்றிவிட்டால், ஒரு புரதம் முழுக்க வேறு முகத்துக்குப் போய்விடலாம். இந்தத் துறையின் அழகான சோதனைகள் பல இந்த ஒரு உண்மையில் இருந்து பிறந்தவை.

6. நேர்வழி ஒன்றுதான் என்று முடிவு கட்டாதீர்கள்

சில சரக்கு நேராகப் போகும். சில சரக்கு சுற்றிப் போகும். கல்லீரல் செல்லில் உச்சிமுகப் புரதங்கள் பல முதலில் அடிமுகத்துக்கு வந்து, அங்கிருந்து செல்லைக் குறுக்கே கடந்து உச்சிக்குப் போகின்றன. சில புரதங்கள் இரண்டு முகங்களுக்கும் வந்து, தவறான இடத்தில் இருப்பவை மட்டும் திரும்ப எடுக்கப்படுகின்றன.

குறுக்கே கடப்பதற்கு மடியைவிட நல்ல உதாரணம் இல்லை. மடியின் செல் அடிமுகத்தில் ஓர் ஏற்பியை நிறுத்தி, ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதத்தைப் பிடித்து, சிறுபையில் வைத்துக் குறுக்கே சுமந்து, பாலுக்குள் விடுகிறது. அந்த ஏற்பி உச்சிமுகத்தை அடைந்ததும் வெட்டுப்பட்டு, ஒரு துண்டு ஐஜிஏ-வோடு ஒட்டியே போகிறது. ஒவ்வொரு பயணத்துக்கும் ஓர் ஏற்பி தன்னையே செலவழிக்கிறது. மாட்டின் சீம்பாலில் இதைவிட ஐஜிஜி மிகுதி. கன்று பிறந்த முதல் நாளுக்குள் மட்டும்தான் அதன் குடல் அதை முழுசாக உள்ளே எடுக்கும், பிறகு அந்த வழி அடைபட்டுவிடும். கன்று விழுந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்கவிட வேண்டும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் அவசரப்படுத்துவதற்குப் பின்னால் இவ்வளவு செல் உயிரியல் இருக்கிறது.

7. பிறர் பார்க்காமல் விட்டதைப் பாருங்கள்

1958-இல் மேடினும் டார்பியும் ஒரு காக்கர் ஸ்பேனியல் பெண் நாயின் சிறுநீரகத்தில் இருந்து வளர்த்தெடுத்த செல்கள்தான் எம்.டி.சி.கே. வைரஸ் வளர்ப்பதற்குத்தான் பல ஆண்டுகள் பயன்பட்டன. 1978-இல் என்ரிகே ரோட்ரிகஸ்-பூலனும் டேவிட் சபட்டினியும் இந்தச் செல்களில் வைரஸ் எந்தப் பக்கம் வழியாக வெளியேறுகிறது என்று பார்த்தார்கள். இன்ஃப்ளுயன்சா உச்சிமுகத்தில் மட்டும் மொட்டுவிட்டது. விஎஸ்வி என்ற கால்நடை வைரஸ் அடிமுகத்தில் மட்டும் மொட்டுவிட்டது. ஒரே செல், இரண்டு வைரஸ், இரண்டு வாசல். வைரஸின் உறைப் புரதத்தில் முகவரி எழுதியிருக்கிறது என்பது அதனால் தெரிந்தது. செல்லின் பிரித்தனுப்பும் முறையைப் படிக்க அந்த உறைப் புரதங்களே கருவிகள் ஆயின.

இருபது ஆண்டுகள் எல்லோர் கையிலும் இருந்த செல்கள் அவை. "எந்தப் பக்கம்" என்று கேட்டதுதான் புதிது.

8. குமிழை உங்கள் கண்ணால் பார்க்காமல் அடுத்த சோதனைக்குப் போகாதீர்கள்

பிளாஸ்டிக் டிஷ்ஷில் எம்.டி.சி.கே. செல்கள் நெருங்கி நிறைந்த பின் இன்னும் சில நாட்கள் விடுங்கள். பிறகு சாதாரண நுண்ணோக்கியில் பாருங்கள். செல்கள் கூழாங்கல் பாவிய தரைபோல ஒரே தளத்தில் தெரியும். நடுவில் ஓரிடத்தில் ஒரு வட்டம் மட்டும் மங்கலாக இருக்கும். குவியத்தை மெல்ல மேலே திருப்புங்கள். சுற்றியிருந்த தரை மங்கி, அந்த வட்டத்தில் உள்ள செல்கள் பளிச்சென்று தெளியும். தோசைக்கல்லில் தோசை உப்புவதுபோல செல்படலம் அங்கே எழும்பியிருக்கிறது. சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஒரு குமிழ் தணிந்திருக்கும், வேறிடத்தில் புதிதாக ஒன்று எழுந்திருக்கும்.

செல்கள் மேலிருக்கும் மீடியத்தில் இருந்து உப்பை எடுத்து அடியில் தள்ளுகின்றன, நீர் பின்தொடர்கிறது, அடியில் பிளாஸ்டிக் இருப்பதால் போக வழியின்றிப் படலத்தைத் தூக்குகிறது. முகங்கள் பிரிந்திருப்பதும் சந்தி இறுகியிருப்பதும் பம்ப் கீழே நிற்பதும் அந்த ஒரு குமிழில் கண்கூடு. முதன்முதலில் பார்த்த அன்று நான் இரவு வெகுநேரம் வரை நுண்ணோக்கியை விட்டு எழுந்திருக்கவில்லை.

9. தரையைத் தேர்ந்தெடுங்கள், செல்லின் பூர்வீகத்தை விசாரியுங்கள்

குமிழ் பார்க்கப் பிளாஸ்டிக் போதும். அளவெடுக்கத் துளையுள்ள ஃபில்டர் வேண்டும். உடம்பில் இந்தச் செல்கள் உணவை அடிப்பக்கமாகத்தான் பெறுகின்றன. 0.4 மைக்ரான் துளை ஃபில்டரில் வளர்த்து, மேலும் கீழும் மீடியம் ஊற்றினால் அவை உயரமாக வளர்ந்து சரியாகத் திசை பிடிக்கும். நிறைந்த பின் மூன்று நான்கு நாட்களாவது பொறுங்கள். மீடியம் மாற்றும்போது பிப்பெட் முனை ஃபில்டரில் படக்கூடாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் போதும், சந்தியின் இறுக்கத்தைக் காட்டும் மின்தடை சரிந்துவிடும்.

என் ஆய்வுக் காலத்தில் நான்கு மாதங்களை இழந்த கதையைச் சொல்கிறேன். எனக்குக் கிடைத்த குழாயில் எம்.டி.சி.கே. என்று மட்டும் எழுதியிருந்தது. அந்தச் செல்லில் இரண்டு கிளைகள் உண்டு. ஒன்றாம் கிளையின் மின்தடை ஒரு சதுர சென்டிமீட்டர் கணக்கில் ஆயிரம் ஓமைத் தாண்டும். இரண்டாம் கிளையில் நூறைச் சுற்றித்தான் நிற்கும். நான் வைத்திருந்தது இரண்டாம் கிளை. ஒப்பிட்டது ஒன்றாம் கிளையின் கட்டுரையோடு. செல்கள் கெட்டுவிட்டன என்று குப்பியை மாற்றினேன், சீரத்தை மாற்றினேன், இன்குபேட்டரைக் குற்றம் சொன்னேன். கேட்டு எழுதியிருக்க வேண்டிய ஒரு எண்ணைக் கேட்காதது என் தவறு. இந்த வித்தியாசத்துக்குக் காரணம் இரண்டாம் கிளையில் இருக்கும் கிளாடின்-2 என்று 2001-இல் சுகிதா குழு காட்டியது. ஒன்றாம் கிளையில் அதை நுழைத்ததும் மின்தடை விழுந்தது. புனே என்.சி.சி.எஸ். போன்ற செல் களஞ்சியத்தில் இருந்து வாங்கும்போது கிளை, பாசேஜ் எண், வந்த தேதி மூன்றையும் குப்பியிலும் நோட்டிலும் எழுதுங்கள்.

10. பக்கவாட்டில் பாருங்கள்

மலைமேல் நின்று பார்த்தால் நம் ஊரில் ஓடுகளும் மொட்டைமாடிகளும்தான் தெரியும். வீட்டு வாசல் எந்தப் பக்கம் என்று தெரியாது. மேலிருந்து எடுத்த படத்தை வைத்துப் புரதம் உச்சியில் இருக்கிறது என்று எழுதாதீர்கள். கான்ஃபோகலில் குறுக்குவெட்டுத் தோற்றம் எடுங்கள். உச்சிக்கு ஓர் அடையாளப் புரதம், அடிக்குச் சோடியம்-பொட்டாசியம் பம்ப் அல்லது ஈ-கேடரின் என்று இரண்டு சாட்சிகளை அதே செல்லில் சாயமேற்றுங்கள். படத்தோடு நிற்காமல், ஃபில்டரின் மேற்பக்கம் மட்டும், பிறகு அடிப்பக்கம் மட்டும் பயோட்டின் ஒட்டி, இரண்டு முகங்களிலும் எத்தனை பங்கு என்று எண்ணால் சொல்லுங்கள். படமும் எண்ணும் ஒத்துவராத நாளில் இரண்டையும் சந்தேகியுங்கள்.

11. வயலையும் பாருங்கள்

விலங்குகளுக்கு மட்டும் உரிய சங்கதி இது என்று நினைக்காதீர்கள். நம் ஊரில் இருக்கும் இந்தோ-இஸ்ரேல் காய்கறி மகத்துவ மையத்துக்குப் போனால் குழித்தட்டுகளில் நாற்றுகள் வரிசையாக நிற்கும். அவற்றின் ஒவ்வொரு வேரிலும் மண்ணையும் சாற்றையும் பிரிக்கும் ஒரு செல்வரிசை உண்டு. செல்களின் இடுக்கைக் காஸ்பாரி பட்டை அடைத்திருக்கிறது. நெல் வேரில் சிலிக்கானை உள்ளே விடும் எல்எஸ்ஐ1 மண் பார்த்த முகத்திலும், அதைச் சாற்றுப் பக்கம் தள்ளும் எல்எஸ்ஐ2 உட்புற முகத்திலும் நிற்கின்றன. ஜியான் ஃபெங் மா குழு 2006, 2007 ஆண்டுகளில் இவற்றைக் கண்டறிந்தது. குடல் செல் கண்ட அதே தீர்வை நெல்வேர் தன் வழியில் கண்டிருக்கிறது.

12. திசை குலைந்தால் யாருக்கு வலிக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

எம்.ஒய்.ஓ.5பி என்ற மரபணு பழுதாகி, உச்சிமுகச் சரக்கு போய்ச் சேராத குழந்தைகள் பிறந்த சில நாட்களிலேயே நிற்காத வயிற்றுப்போக்கால் வாடுகின்றன. இந்தக் காரணம் 2008-இல்தான் தெரிந்தது. சிறுநீரகத்தில் அடிமுகத்தில் நிற்க வேண்டிய ஏஇ1 புரதத்தின் சில மாற்றங்கள் முகவரி தவறி உச்சிக்குப் போகின்றன. ரத்தத்தில் அமிலம் தேங்கி, வளர்ச்சி குன்றுகிறது. அந்தப் புரதம் கெட்டுப்போகவில்லை, போன இடம்தான் தவறு. புற்றுநோய் பரவும்போது எபிதீலியச் செல் முதலில் இழப்பவற்றில் இந்தத் திசையும் ஒன்று. உங்கள் டிஷ்ஷில் இருப்பது நாயின் செல்லாக இருக்கலாம். அது பதில் சொல்வது இந்தப் பிள்ளைகளின் தாய்மாருக்கு.

13. தமிழில் சொல்லிப் பாருங்கள்

படித்ததை வீட்டில் ஒருவருக்குத் தமிழில் சொல்லுங்கள். சொல்ல முடியாத இடத்தில்தான் நீங்கள் புரிந்துகொள்ளாமல் சொல்லை மட்டும் வைத்திருக்கிறீர்கள். கலைச்சொல் கிடைக்காவிட்டால் ஆங்கிலச் சொல்லையே வையுங்கள், குற்றமில்லை. வாக்கியம் உங்களுடையதாக இருக்க வேண்டும். மாடு வைத்திருக்கும் அந்த அம்மாவுக்குச் செல்வரிசையை விளக்கியபோது, "அப்ப செவுத்துல ஓதம் ஏறுற மாதிரியா?" என்று கேட்டார். பல ஆண்டுகள் வகுப்பெடுத்தும் எனக்குத் தோன்றாத உவமை அது.

அந்த மாணவி ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று அவள் புது நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு செவ்வகம் வரைந்து, மேலே ஒரு கோடும் கீழே ஒரு கோடும் போட்டுக் கொடுத்தேன். நீங்களும் அப்படி ஒன்று வரைந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் உங்கள் புரதத்தை அதில் எந்தக் கோட்டில் வைப்பீர்கள் என்று பென்சிலால் குறியுங்கள். சோதனை முடிந்தபின், தவறாக இருந்தால் அழித்து எழுதுங்கள். பேனா எடுக்க அவசரம் வேண்டாம்.